ஆறாவது பிளக்

என் ஆசைப் பெரியண்ணா,

உங்களுக்குப் பிடிக்காத வேலை ஒன்றைச் செய்துவிட்டேன். உங்கள் காரில் கை வைத்தேன். பொனற்றைத் திறந்து, எஞ்சினுக்குப் பொறி தட்டும் ஆறு பிளக்கையும் கழற்றி, குசினி மேசையில் பழைய பேப்பரை விரித்து வரிசையாக அடுக்கினேன். நீங்கள் இருந்திருந்தால் வீட்டையே இரண்டாக்கியிருப்பீர்கள்.

எல்லாம் உங்கள் மகளால் வந்தது. நீங்கள் போய் ஒரு வருடமாகி, உங்கள் ஆட்டத்திவசம் முடிந்த கையோடு கௌரிக்கு நாள் வைத்தோம். வருகிற ஞாயிறு ஒட்டுசுட்டான் கோயிலில் தாலி கட்டு. "மாமி, நான் அப்பான்ரை கார்லதான் கோயிலுக்குப் போவன். ஆனா அது இருமாமல் வரோணும்" என்று பிடித்த பிடியில் நிற்கிறாள். தாயில்லாமல் வளர்ந்தவள் கேட்டால் எப்படி மறுப்பது?

அந்த இருமலைப் பற்றி யார் கேட்டாலும் ஆறில் ஒன்று வேலை செய்யவில்லை, கிடக்கட்டும் என்பீர்கள். வவுனியாவிலிருந்து வந்த மெக்கானிக்கைக்கூட பொனற்றுக்குக் கிட்ட விடவில்லை. கஞ்சன் என்று நான் எத்தனை நாள் பகிடி பண்ணியிருப்பேன்.

கௌரி போனில் வீடியோவைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். பிளக்குகளைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து இடைவெளி சரி பார்த்தேன். காபரேற்றரைப் பெற்றோலில் கழுவினேன். இருபத்தைந்து வருடம் தையல் மெஷினோடு மல்லுக்கட்டிய கை, அவ்வளவு பயப்படவில்லை. ஆனாலும் ஸ்ராட் பண்ணினால் அதே இருமல்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, தடித்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்க்கச் சொன்னது வீடியோ. முதலாவதைக் கழற்ற எஞ்சின் தள்ளாடியது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். ஆறாவதைக் கழற்ற ஒன்றுமே நடக்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்த வயரின் மூடிக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக ஏதோ அடைத்திருந்தது. ஊசியால் குத்தி எடுத்தேன். சைக்கிள் ரியூப் ரப்பர், வட்டமாக வெட்டி இரண்டாக மடித்திருந்தது. ஓரம் பல்லுப் பல்லாக இருந்தது.

அது என் பல்லுக் கத்தரிக்கோலின் வெட்டு. அப்படி ஒரு கத்தரிக்கோல் நம் ஒழுங்கையில் வேறு எந்த வீட்டிலும் இல்லை. ஒருநாள் அது மழுங்கிக் கிடக்க, யார் இதால் என்னத்தை வெட்டியது என்று நான் வீடு முழுக்கக் கத்தியதும், நீங்கள் தலை நிமிராமல் சோறு சாப்பிட்டதும் நினைவிருக்கிறதா? களவைப் பிடித்துவிட்டேன் என்று அப்போது சிரித்தேன், அண்ணா. சிரித்தபடியே வயரை மாட்டி ஸ்ராட் பண்ணினேன்.

புது மெஷினில் பட்டுத் துணி போவதுபோல ஒரே இழையாக ஓடியது. கௌரி கை தட்டினாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஞானம் அக்கா வேலியடிக்கு வந்தா. அரிசி கழுவிய ஈரக் கையோடு, செருப்பும் இல்லாமல். காரைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றா. எஞ்சினை நிறுத்தப் போனேன்.

"நிப்பாட்டாதை பிள்ளை" என்றா. பிறகு, "இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்" என்றா.

இந்த மாதிரிக் கார் எல்லாம் ஒரே சத்தம்தான் என்று ஏதோ சொல்லி எஞ்சினை நிறுத்தினேன். நாளைக்கு ஒருக்கால் ஓட விடுவியோ என்று கேட்டுவிட்டுப் போனா. சோளகக் காற்று முற்றத்துப் புழுதியை வாரி அடித்தது.

கத்தரிக்கோல் மழுங்கியது எந்த நாள் என்று அதன் பிறகுதான் யோசித்தேன். அது ஞானம் அக்கா, வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்து, பக்கத்து வளவுக்கு வந்த புதிது. நம் குசினியில் உட்கார்ந்து முதன்முதலாகத் தன் கதையைச் சொன்னா. கடைசிச் சண்டைக் காலத்தில், விசுவமடுவில் கொட்டில் போட்டு இருந்தபோது, பொழுதுபட ஒரு கார் வந்து ஒரே மகனைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனது. இன்றுவரை அவன் திரும்பவில்லை. "காரை ஓடினவன்ரை முகத்தைக் காணேல்லை. சத்தத்தைத்தான் கேட்டனான். எப்ப கேட்டாலும் சொல்லுவன்" என்றா. நீங்கள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனீர்கள். அன்றிரவுதான் நான் கத்தரிக்கோலுக்காகக் கத்தினேன். அடுத்த நாள் காலையில் கார் இருமத் தொடங்கியது.

அந்தக் கடைசிச் சண்டை மாதங்களில் நானும் கௌரியும் வேறு இடத்தில் இருந்தோம். வாடகைக்கு ஓடுகிறேன் என்பீர்கள். யாரை ஏற்றினீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. சண்டை முடிந்து, துருவேறிக் கறள் பிடித்த வாகனக் குவியலுக்குள் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த வெள்ளைக் காருக்கு, அந்தக் கிழமையே பச்சைப் பெயின்ற் அடித்தீர்கள். கறளுக்காகத்தான் என்றீர்கள்.

உங்களை மிரட்டி ஓட வைத்தார்களா? நீங்களாகவே போனீர்களா? பின் சீற்றில் அவன் அழுதானா, அண்ணா? அதே சீற்றில்தானே பிறகு ஞானம் அக்காவை, மடியில் மகனின் படத்தோடு, காணாமல் போனவர்களுக்கான விசாரணை விசாரணையாக ஏற்றிக்கொண்டு போனீர்கள். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி ஓடினீர்கள்? காரை விற்காமல் ஏன் வைத்திருந்தீர்கள்? கோபமாக இருக்கிறது. உங்களை அடிக்க வேண்டும்போல இருக்கிறது.

ஆனால் மறுநாள் காலை நான் செய்ததையும் கேளுங்கள். அக்கா வருவதற்கு முன்னமே அந்த ரப்பரைத் திரும்ப மூடிக்குள் அடைத்துவிட்டேன். கௌரியின் கலியாணம், உங்கள் பேர் என்று எனக்கு நானே ஏதேதோ சொல்லிக்கொண்டேன். அவா குளித்து, விசாரணைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தா. ஸ்ராட் பண்ணினேன். கார் இருமியது. நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றா.

"இல்லைப் பிள்ளை, இது இல்லை. என்ரை காதுதான் பிழைச்சுப்போச்சு." வேலியைப் பிடித்தபடி மெல்லச் சொன்னா. "ராத்திரி முழுக்க உன்ரை அண்ணரைப் பிழையா நினைச்சுப்போட்டன். எனக்கு எவ்வளவு செய்த மனுசன். ஆரிட்டையும் சொல்லிப்போடாதை."

என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறா, அண்ணா. என்னிடம்.

மூன்று நாளாக அவா வேலிப் பக்கம் வரவில்லை. அடுப்பில் புகை எழும்புவதையும் காணவில்லை. ஏன் மாமி திரும்ப இருமுது என்று கௌரி கேட்கிறாள். நான் ரவிக்கைக்குக் கொக்கி தைக்கிறேன், ஊசி விரலில் ஏறுகிறது.

அதனால் உங்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கார் கோயிலுக்குப் போகாது. நாளைக் காலை ரப்பரை எடுத்து எறிந்துவிட்டு, ஞானம் அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டி வருவேன். கௌரியையும் பக்கத்தில் நிறுத்துவேன். எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் அவர்கள் இருவருக்கும் சொல்லுவேன். கலியாணம் நடக்குமோ, நம் வளவில் யார் மிதிப்பார்களோ, தெரியாது. எஞ்சினை ஆறிலும் ஓட விடுவேன். அவா நிறுத்தச் சொல்லும் வரைக்கும் நிறுத்தமாட்டேன்.

உங்களோடு கூடப் பிறந்தவள்,
கத்தரிக்கோல்காரத் தங்கச்சி
மலர்