ஐந்து லோடு மரச்சீவல்

மார்ச் 3, செவ்வாய்

மாப்பிள்ளைக்குத் தோட்டம் போட்டுக் கொடுக்கும் தொழில்; அவரோடு ஒரு மருத்துவமனைத் தோட்டத்தை அளக்கப் போனேன். அடிபட்டு எழுந்தவர்கள் மறுபடி நடக்கப் பழகும் மருத்துவமனை அது. பின்பக்கம் வளைந்து வளைந்து ஒரு நடைபாதை, அதன் இரண்டு ஓரமும் புதுச்செடிகள். செடிகளின் காலடியில் மண்ணே தெரியாமல் மரச்சீவல் பரப்பி மூட வேண்டும். வெயில் அடித்தாலும் மண் காயாது, களையும் அவ்வளவாக வராது. மூடாக்கு என்கிறார்கள்.

பாத்தி வளைவதால் துண்டு துண்டாகப் பிரித்து அளந்தேன். இங்கே ஒரு செவ்வகம், அங்கே ஒரு முக்கோணம். நீளம், அகலம், நான்கு விரல் கனம். ஐந்து லோடு வரும். ஏழாம் வகுப்புப் பாடம், இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வுபெற்று வந்தபின் இப்படி அளந்து கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

மார்ச் 4, புதன்

ஐந்தை மூன்றாக்கிவிட்டார் மாப்பிள்ளை. என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. காலையில் விலைத்தாளை அனுப்பியபிறகுதான் சொன்னார்.

வேறொருவரும் விலை கொடுத்திருக்கிறாராம், ஐந்து என்று எழுதினால் வேலை கை நழுவிவிடுமாம். மூன்றை வைத்து மெல்லிசாக இழுத்துவிடலாமாம். இழுப்பதற்கு அது என்ன ரப்பரா? மெல்லிசாகப் போட்டால் போடாததற்குச் சமம் என்றேன். “பாத்துக்கலாம் மாமா” என்றார். எதைக் கேட்டாலும் பாத்துக்கலாம்.

என் பிள்ளையாக இருந்தால் காதைத் திருகியிருப்பேன். மாப்பிள்ளை. அவர் வீட்டில்தான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 9, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. மகள் முகமெல்லாம் சிரிப்பு. பார்த்தீர்களா என்பதுபோல மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மார்ச் 12, வியாழன்

மனசு ஆறவில்லை. எழுதினாலாவது ஆறுகிறதா பார்ப்போம்.

மூன்று லோடும் இறங்கியது. வேலையாட்கள் வாசல் பக்கத்திலிருந்து பரப்பிக்கொண்டே போனார்கள். வாசல்தானே கண்ணில் படும், அங்கே நான்கு விரல் கனமும் சரியாகப் போடச் சொல்லிவிட்டார் மாப்பிள்ளை. பாதை பாதி தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே சீவல் தீர்ந்துபோனது. மீதிப் பாத்தியெல்லாம் மொட்டை மண்.

நிர்வாகி அம்மா வந்தார். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், ஒரு கை தூரம்கூட இல்லை. மாப்பிள்ளை சொல்கிறார்:

“அளவெடுத்தது எங்க மாமா மேடம். வயசாயிடுச்சு பாருங்க, கணக்குல கொஞ்சம் பிசகிட்டாரு.”

கணக்குல. நான். பிசகிட்டேன்.

எத்தனை வருஷம் கரும்பலகை முன்னாடி நின்னவன் நான். என் வகுப்பில் படித்தவர்கள் இன்றைக்குப் பாலம் கட்டுகிறார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்து, பரவாயில்லை சார் என்பதுபோலச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. பின்னால் வேலையாட்களில் ஒருவன், “வாத்தியாரே கோட்டை விட்டுட்டாரா” என்றது என் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னான்.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. வண்டியில் வரும்போது மாப்பிள்ளை, “தப்பா எடுத்துக்காதீங்க மாமா, அந்த நேரத்துக்கு ஏதாவது சொல்லணும்ல” என்றார். அந்த நேரத்துக்கு என் பெயர்தான் கிடைத்ததா?

மார்ச் 13, வெள்ளி

சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 14, சனி

தனியாக மருத்துவமனைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் சொல்லப்போவதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

மொட்டை மண் பக்கம் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. அதைப் பார்த்ததும் இன்னும் ஏறியது கோபம். மூடிய பக்கத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். நான்கு விரல் இல்லை. தண்ணீர் விட்டதில் சீவல் அமுங்கி மூன்றரையாகியிருந்தது. அமுங்கும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. இதை வேறு இன்றைக்குத்தான் பார்க்க வேண்டுமா?

இருந்தாலும் போய்ச் சொன்னேன். நான் சொன்னது ஐந்து, மூன்றாக்கியது மாப்பிள்ளை, என் கணக்கில் பிசகு இல்லை என்றேன். நிர்வாகி அம்மா முழுசாகக் கேட்டார்.

“உங்க வீட்டு வழக்கை நீங்க தீர்த்துக்கங்க சார். என் செடி காயுது. மொத்தம் எத்தனை லோடு வேணும், அதைச் சொல்லுங்க.”

வேறு வழியில்லை. ஆறு என்றேன்.

“அஞ்சுன்னீங்களே இப்போ?”

அமுங்கும் என்று விளக்கினேன். காது கொதித்தது. ஆனால் இந்த முறை அவர் சிரிக்கவில்லை. ஆறு என்று குறித்துக்கொண்டார்.

மார்ச் 15, ஞாயிறு

விஷயம் வீட்டுக்கு வந்துவிட்டது. நிர்வாகி அம்மா மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கிறார்.

மகள் என் அறை வாசலில் வந்து நின்றாள். “அவர் மானத்தை வாங்கிட்டு வந்திருக்கீங்களேப்பா. வீட்லயே சொல்லியிருக்கலாம்ல.”

அப்ப என் மானம்? அது என்ன, செடிக்கடியில போட்டு மூடுறதுக்கா? வாய்வரைக்கும் வந்தது. கேட்டும்விட்டேன்.

அவள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. நிஜமாகவே ஐந்து என்றுதான் சொன்னீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கதவைச் சாத்திவிட்டுப் போனாள். கூடத்தில் அவள் குரல் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது. அவர் குரல் கேட்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடியை மகள்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்துகிறாள்.

மார்ச் 21, சனி

மீதி லோடெல்லாம் போய்ச் சேர்ந்ததாம். மாப்பிள்ளை வீட்டுக்குள் வரும்போது சட்டை முழுக்கச் சீவல். ஆட்களோடு அவரே வாரிப் போட்டிருக்கிறார் போல. மொட்டைப் பக்கத்தில் பிழைக்காத செடிகளுக்குப் பதில் வேறு வைத்துக் கொடுத்தார் என்று மகள் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். நல்லது. அதற்காக என் கோபம் போய்விடுமா?

ஏப்ரல் 2, வியாழன்

கூடத்தில் மாப்பிள்ளை ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். யாரோ புது வீட்டுக்காரர், தோட்டத்துக்கு உத்தேசமாக ஒரு அளவு கேட்கிறார் போல. “வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் சார், அப்புறம் பாதியில நிக்கும். எங்க மாமா நேர்ல வந்து அளந்து சொல்லட்டும்” என்றார். நான் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும்.

பிறகு என் அறை வாசலுக்கு வந்து, சுவரைப் பார்த்தபடி, “நாளைக்குக் காலைல ஒரு இடம் இருக்கு மாமா” என்றார்.

சரி என்றேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பொய், எதிர்பார்த்தேன். இப்போதும் நினைத்தால் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறேன்.