ஒரு நாள் முந்திய காலண்டர்

இன்று காலை எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். ஆவி பறக்கும் நான்கு இட்லி, ஒரு கிண்ணம் சட்னி, சம்பந்தமே இல்லாமல் ஒரு ரோஜாப்பூ. ‘இன்று உலக இட்லி நாள். அனைவருக்கும் வாழ்த்துகள்.’ கீழே பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள். இட்லி நாள் மார்ச் முப்பது. இன்று இருபத்தொன்பது. ஒரு நாள் முந்திவிட்டார்கள். பதினேழு பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை, தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். நான் மட்டும் அடுப்படியில் நின்றபடியே அந்தத் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் சாவுக்கு நான் அழவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். முப்பது வருஷப் பழக்கம், ஒரு சொட்டுக் கண்ணீர் விடுகிறாளா பார் என்று உன் நாத்தனார் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கண்ணீர் ஏன் வரவில்லை என்று அவளிடம் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லலாம், நீ இனிமேல் பதில் பேச மாட்டாய்.

திருநெல்வேலி சிந்துபூந்துறையில் நாம் வேலை பார்த்த அச்சகம் இருந்த இடத்தில் இப்போது மோட்டார் சைக்கிள் விற்கிறார்கள். அன்றைக்கு நீ அங்கே அச்சுக் கோப்பவள், நான் புரூப் பார்ப்பவள். நான் சேரன்மகாதேவியிலிருந்து காலைப் பாசஞ்சரில் வந்து ஜங்ஷனில் இறங்கி நடந்து வருவேன். நீ டவுனிலிருந்து பஸ்ஸில் வருவாய். ஜவுளிக்கடைக்காரர்களும் நகைக்கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற தினசரி காலண்டர்தான் நமக்கு முக்கிய வேலை. ஆடி பிறந்தால் தொடங்கி மார்கழி வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாது.

தாளின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருக்கும். முதலாளி அதில் வருஷா வருஷம் ஒரே பொன்மொழிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். ‘சினம் தவிர்’ என்பதை நானே ஆறு தடவை புரூப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் சினம்தான் வரும். அந்த இடத்தில் அந்தந்த நாளுக்கு ஒரு வேடிக்கையான தகவல் போட்டால் என்ன என்று தொண்ணூற்று நான்கில் கேட்டவள் நான். நன்றாக நினைவிருக்கட்டும், நான்தான் கேட்டேன்.

அந்த வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். பாளையங்கோட்டை நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்போம். நீ பொது அறிவுப் புத்தகங்களிலிருந்து வாசிப்பாய், நான் எழுதுவேன். உலகின் முதல் அஞ்சல் தலை எந்தத் தேதியில் வந்தது, முதல் விமானம் எந்தத் தேதியில் பறந்தது, எல்லாம் பிடித்தோம். ஒன்றும் கிடைக்காத தேதிகளுக்கு மிருகங்களைப் போட்டோம். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பதைப் படித்துவிட்டு, “ஏளா, மூணையும் வச்சுக்கிட்டு அது என்னத்தச் செய்யும்? நமக்கு ஒண்ணையே சமாளிக்க முடியல” என்றாய். நூலகர் நம்மை முறைத்தார்.

நிலவில் மனிதன் கால் வைத்ததை எந்த நாளில் போடுவது என்று பெரிய வழக்கு வந்தது. புத்தகத்தில் ஜூலை இருபது என்று இருந்தது. நீ ஒத்துக்கொள்ளவில்லை. “அங்கன ராத்திரின்னா இங்கன விடிஞ்சிட்டுல்லா? நம்ம காலண்டர் திருநெல்வேலில தொங்குது. நமக்கு இருபத்தொண்ணுதாம்ளா” என்று சாதித்தாய். இருபத்தொன்றில் போட்டோம். முந்நூற்று அறுபத்தைந்தும் முடிந்த அன்று ஜங்ஷனில் ஆளுக்கொரு டீ குடித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

காலண்டர் வந்தது. அட்டையின் கீழ்மூலையில் ‘தகவல் திரட்டியவர்’ என்று போட்டு உன் பெயர் இருந்தது. உன் பெயர் மட்டும். முதலாளியைக் கேட்டேன். “ரெண்டு பேரு போட எடம் பத்தாதும்மா” என்றார். உன்னைக் கேட்டேன். “நான் என்னளா செய்ய? மொதலாளியாப் போட்டாரு” என்றாய். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் உடன்குடியில் உன் அம்மா வீட்டுக்கும் மாமன் வீட்டுக்கும் என்று ஏழு காலண்டர் கட்டி அனுப்பினாய். கட்டுவதற்கு நூல் பிடித்துக் கொடுத்தது நான்.

அடுத்த வருஷம் முதலாளி, போன வருஷத்துத் தகவல்களே போதும் என்று சொல்லிவிட்டார். ஈய எழுத்தில் கோத்த வரிகளைக் கலைக்காமல் நூலால் கட்டி வரிசையாகத் தட்டில் வைத்திருந்தோம். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுத் தாளில் பொருத்தினால் வேலை முடிந்தது. அந்தச் சமயத்தில்தான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. ஐப்பசி மாதம், லீவு கேட்டால் முதலாளி வேலையை விட்டே நிறுத்துவார். அவர் அந்த வாரம் காகிதம் வாங்க வெளியூர் போயிருந்தார். “நீ பைய போயிட்டு வாளா, நான் பாத்துக்கிடுதேன். அவருக்குத் தெரியவா போவுது?” என்றாய். நான்கு நாள் போனேன். வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டார்கள், கடிதம் போடுகிறோம் என்றார்கள். இன்னும் போடவில்லை.

அந்த நான்கு நாளில்தான் நீ அதைச் செய்தாய். தொண்ணூற்றாறு லீப் வருஷம். பிப்ரவரிக்கு ஒரு தாள் கூடுதல், தட்டில் இருந்ததோ முந்நூற்று அறுபத்தைந்து வரிகள். நீ பாட்டுக்கு வரிசையாக எடுத்துப் பொருத்தியதில் மார்ச் ஒன்றாம் தேதியின் தகவல் பிப்ரவரி இருபத்தொன்பதில் போய் உட்கார்ந்துகொண்டது. அதிலிருந்து ஒவ்வொன்றும் ஒரு நாள் முந்தியது. டிசம்பர் முப்பத்தொன்றுக்கு வந்தபோது கையில் வரி இல்லை. ஏன் ஒன்று குறைகிறது என்று நீ யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எங்கேயோ விழுந்துவிட்டது என்று நினைத்து, நெருப்புக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரியது என்று புதிதாக ஒரு வரி கோத்து அந்த ஓட்டையை அடைத்தாய்.

காலண்டர் ஊரெல்லாம் தொங்கியது. முட்டாள்கள் நாள் மார்ச் முப்பத்தொன்றாம் தேதியே வந்துவிட்டது. நிலவில் கால் வைத்தது மட்டும் ஜூலை இருபதுக்கு முந்தி, அமெரிக்கக் கணக்குக்குச் சரியாகிவிட்டது. யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆகஸ்ட் பதினான்கு வரைக்கும்.

அன்று மத்தியானம் நம்மிடம் காலண்டர் அடித்த ஒரு ஜவுளிக்கடைக்காரர் கிழித்த தாளோடு உள்ளே வந்தது உனக்கு மறந்திருக்காது. “என்னத்தவே அச்சடிச்சுக் குடுத்திருக்கீரு? இன்னைக்கு சுதந்திரம் வாங்குன நாளுன்னு போட்டிருக்கு. கடைக்கு வாரவனெல்லாம் ‘அண்ணாச்சி, நீங்க எந்த நாட்டுல சுதந்திரம் வாங்குனீங்க’ன்னு கேக்கான். பார்டருக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தான்ல கடை வச்சிருக்கேன்னு நெனச்சீரா?” முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. கடைக்காரர் போனதும் புரூப் கட்டை எடுத்து வரச் சொன்னார். பிப்ரவரித் தாளின் ஓரத்தில் என் இனிஷியல் இருந்தது. என் எழுத்துத்தான், ஆனால் நீ எழுதியது. உன் சுழி எனக்குத் தெரியாதா?

“சொல்லும்மா. பாத்தியா, பாக்கலியா?” என்று முதலாளி கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ கையில் இருந்த அச்சு எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உன் வீட்டுக்காரர் வேலையில்லாமல் இருந்த வருஷம் அது, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். நீ எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டில் போடத் தொடங்கினாய். “நாளைலேருந்து வர வேண்டாம்மா” என்றார் முதலாளி. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஜங்ஷன் பக்கம் வேறு எந்த அச்சகத்திலும் என்னைச் சேர்க்கவில்லை. தப்பு விட்ட பிள்ளை என்று பெயர் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் பாக்கெட் போடப் போனேன். எழுத்தில்லாத அப்பளத்தைப் பார்த்தபடியே என் நல்ல வயசு போயிற்று.

இது நான் ஊருக்கெல்லாம் சொன்ன கதை. என் அம்மாவிடம், அப்பளக் கம்பெனிப் பெண்களிடம், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் உன்னைத் திட்டினார்கள். இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஒரு நாளை மட்டும் விட்டுவிட்டேன்.

பெண் பார்க்க வந்தவர்கள் போன பிறகு, ஐந்தாம் நாள் வேலைக்கு வந்தேன் அல்லவா? தாள்களெல்லாம் அச்சாகி, வெட்டி, வரிசைப்படுத்தி மேஜையில் இருந்தன. இன்னும் அட்டையோடு சேர்த்துத் தகரப் பட்டை அடிக்கவில்லை. பழக்க தோஷத்தில் ஒரு கட்டை எடுத்துப் புரட்டினேன். பிப்ரவரி இருபத்தொன்பதில் உலகின் முதல் தேசியப் பூங்கா இருந்தது. அது மார்ச் ஒன்று என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும், எழுதியவள் நான். மகளிர் நாளைப் பார்த்தேன், ஏழாம் தேதியில் இருந்தது. கடைசித் தாளைத் திருப்பினேன், நெருப்புக்கோழி. நீ என்ன செய்திருக்கிறாய் என்பது எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

சொல்லியிருந்தால் மறுபடியும் அடித்திருக்கலாம். முதலாளி நாலு நாள் கத்தியிருப்பார். அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து நீ வந்தாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை, உனக்கு அது புரிந்திருந்தது. “எல்லாம் சரியா இருக்காளா?” என்று மட்டும் கேட்டாய். பக்கத்தில் புது அட்டைகள் அடுக்கியிருந்தன. கீழ்மூலையில் இந்த வருஷமும் உன் பெயர் மட்டும்.

“சரியாத்தான் இருக்கு” என்றேன்.

பெயர் உன்னுடையதுதானே, அடியும் உனக்கே விழட்டும் என்று நினைத்தேன். ஆகஸ்ட் வரைக்கும் காத்திருந்தேன். தினம் காலையில் எங்கள் வீட்டுத் தாளைக் கிழிக்கும்போது, இன்றைக்கு யாராவது கண்டுபிடிப்பார்களா என்று ஆசையோடு கிழித்தேன். நான் லீவில் போனது தெரியக் கூடாது என்பதற்காக நீ புரூப்பில் என் இனிஷியலைப் போட்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உனக்கு என்று நான் விட்டுவைத்தது எனக்கு வந்தது. முதலாளி முன்னால் நீ பிள்ளைகளை நினைத்து வாயை மூடிக்கொண்டாய். நான் அன்று ஊரிலேயே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொன்னால் எப்போது திரும்பி வந்தாய், வந்து பார்க்கவில்லையா என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நானும் வாயை மூடினேன்.

அந்த மார்கழியில் ஒரு சிப்பம் கருப்பட்டியும் புதுக் காலண்டரும் எடுத்துக்கொண்டு சேரன்மகாதேவிக்கு வந்தாய். உட்காரக்கூட இல்லை. “நாந்தாம்ளா உன் எழுத்தப் போட்டேன். நீ லீவுல போனது தெரிஞ்சிரக் கூடாதேன்னுதான் போட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். பிள்ளையள நெனச்சுப் பயந்துட்டேன். என்னை ஏசிரு, செருப்பால வேணாலும் அடி” என்று அழுதாய். அந்த நேரம் நான் சொல்லியிருக்க வேண்டும். நீ அழுவதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். “சரி, விடு” என்றேன். காபி வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நீ என்னவெல்லாம் செய்தாய்! என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் மருமகள் மாதிரி நீதான் கூட இருந்தாய். வருஷம் தவறாமல் காலண்டர் கொண்டுவந்தாய். என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உன் குரல் தாழ்ந்துவிடும். ஆக்டோபஸைப் பார்த்துச் சிரித்தவள் என் முன்னால் சிரிப்பதையே விட்டுவிட்டாய். அதையெல்லாம் எனக்குச் சேர வேண்டியது என்பதுபோல வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சொன்னால் நீ என்னைச் சமமாகப் பார்ப்பாய், ஒருவேளை ஏசவும் ஏசுவாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. நீ தலைகுனிந்து வருவது எனக்குப் பழகிவிட்டது.

உன் சாவுக்குத் துஷ்டி கேட்க உன் வீட்டுக்கு வந்த அன்று உன் மகள் என்னை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயும் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். “சித்தி, அம்மா கடைசி வாரத்துலயும் உங்களப் பத்தித்தான் பேசுனா. ‘அவ பொழப்ப நான் கெடுத்துட்டேன், அவ என்னை மன்னிச்சாளான்னு கேளு’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நீங்க சொல்லுங்க சித்தி” என்றாள். உன்னை மாதிரியே அவளுக்கும் அழும்போது மூக்கு சிவக்கிறது.

வாயைத் திறந்தேன். அந்த ஐந்தாம் நாளைச் சொல்லத்தான் திறந்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அதெல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சு தாயி” என்றேன்.

உன் மகள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “பெரிய மனசு சித்தி உங்களுக்கு” என்றாள். சுற்றியிருந்தவர்களும் ஆமாம் என்றார்கள், உன் நாத்தனார்கூட. அந்தப் பெரிய மனசோடுதான் அன்றைக்கு சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏறினேன். இன்னும் அதை எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.