சிகாகோ ஆறு மணி நேரம்

11-6-2006, ஞாயிறு

மச்சானை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. ஆம்புலன்ஸ்காரனுக்கு நான்தான் வழி சொன்னேன். நான் இல்லையென்றால் வண்டி கும்மிடிப்பூண்டியைத் தாண்டி நெல்லூருக்கே போயிருக்கும்.

மச்சான் பெண்டாட்டி, என் தங்கச்சி சாலிஹா கேட்டாள்: "அண்ணே, டாக்டர் கைய விரிச்சிட்டாரு. அர்ஷத்துக்கு ஃபோன் பண்ணட்டா? எம் புள்ள சிகாகோலேர்ந்து வர எவ்ளோ நேரம் ஆவும்?"

இந்தத் தெருவில் வெளிநாடு பார்த்தவன் நான் ஒருவன்தானே! "துபாய்க்கே நாலு மணி நேரம். அமெரிக்கா அதுக்கு அந்தாண்ட. ஆறு மணி நேரம், போ! காலைல சொன்னா சாயங்காலம் மீனம்பாக்கத்துல நிப்பான். இப்பவே அவன பேஜார் பண்ணாத" என்றேன். ஒரு பைலட்டே என்னிடம் சொன்னதாகவும் சேர்த்துக்கொண்டேன். அவள் முகம் தெளிந்தது. நல்லதுதானே செய்தேன்?

13-6, செவ்வாய்

விடியற்காலை பாங்கு சொல்லும்போது மச்சான் மூச்சு அடங்கியது. மௌத்.

அர்ஷத்துக்கு ஃபோன் போட்டோம். அழுது முடித்துச் சொன்னான்: "மாமா, ரெண்டு ஃப்ளைட் மாறணும். வந்து சேர நாளை மறுநாள் ஆயிடும். எனக்காக வாப்பாவ வெக்க வேணாம்."

நாளை மறுநாளா?

"இன்னாண்ணே சொல்றான்?" என்றாள் சாலிஹா.

"சாயங்காலம் வந்துடுவானாம்."

எதற்குச் சொன்னேன்? வாய் பழகிவிட்டது.

மதியத் தொழுகைக்கு அடக்கம் என்றார் ஜமாத் தலைவர். "புள்ள பிளேன்ல ஏறிட்டான் தலைவரே" என்று சாயங்கால அஸர் தொழுகை வரை தள்ளினேன். அஸருக்கு, "எறங்கிட்டான், செங்குன்றத்தாண்ட டிராஃபிக்." பொழுது சாய்ந்து மக்ரிபுக்கு என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. தலைவர் கத்தவில்லை. "பாய், இந்த வெயில்ல மைய்யித்தக் காக்க வெச்சிகினு இருக்கோம். அல்லாவுக்குப் பயந்து சொல்லு. வரானா, இல்லியா?"

உள்ளேயிருந்து சாலிஹாதான் குரல் கொடுத்தாள்: "போதும். எடுத்துகினு போங்க."

பகல் பூரா மச்சானைக் காக்க வைத்து— என் வாய்க்காக.

14-6

சிப்காட் கேட்டில் என் டீக்கடையைத் திறக்கவில்லை. திறந்தால் யாராவது துபாய்க் கதை கேட்பான்.

ஏரோப்ளேனில் நான் எப்போது ஏறினேன்? பம்பாய் வரை ரயில். துபாய்க்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்ட் பணத்தோடு ஓடிப் போனான். ஓட்டலில் தட்டு கழுவி, திரும்பும்போது ஒரு ஃபாரின் சென்ட்டு பாட்டில் வாங்கி வந்தேன். அவ்வளவுதான் என் துபாய்.

15-6

அர்ஷத் வந்தான். நேரே மச்சானை அடக்கிய கபரஸ்தானுக்குக் கூட்டிப் போனேன். வீட்டுக்குத் திரும்பியதும் கேட்டான்: "ஏம்மா, ஞாயித்துக்கெழமையே சொல்லியிருந்தா மூஞ்சியாவது பாத்திருப்பேனே?"

"நான்தான் வேணாம்னு உட்டுட்டேன்" என்றாள் சாலிஹா.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

2-7, ஞாயிறு

அர்ஷத்தை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். சாலிஹா புருஷனுக்கான இத்தாவில் இருக்கிறாள், வாசல் தாண்டக் கூடாது. உள்ளே போனதும் கேட்டாள்: "ஏறிட்டானா? போய்ச் சேர எவ்ளோ நேரம்ணே ஆவும்?"

"தெரியாது சாலிஹா. நான் பம்பாயத் தாண்டினதே இல்ல."

"தெரியும்ணே. ஒன் மச்சான் எப்பவோ சொல்லிட்டாரு."

"அப்பறம் ஏன் என் பேச்ச நம்புன?"

முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள். "ஃபோன் பண்ணா, அவரு மௌத்தாவப் போறாருன்னு நானே ஒத்துகினா மாரி ஆயிடும்ல. நீ ஆறு மணி நேரம்னதும் பண்ணாம உட்டுட்டேன்."

அர்ஷத் போய்ச் சேர்ந்து ஃபோன் பண்ணும் வரை இங்கேயே இருக்கிறேன் என்றேன்.

"அது நாளைக்கு ஆவும்ணே."

"ஆவட்டும்" என்றேன். பாயைக் கொண்டுவந்து போட்டாள்.