தோசைக்கல்லான இஸ்திரிப்பெட்டி

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. போன வாரம் மேல்சித்தாமூரில் கல்யாணம். நம் ரிப்பேர் கடையிலிருந்து நேராகப் போகும் அவசரத்தில், நீ வைத்துவிட்டுப் போன இஸ்திரிப்பெட்டியால் வேட்டியைத் தேய்த்துக் கட்டிக்கொண்டேன். அதில் அப்பியிருந்த ஈயமும் பேஸ்ட்டும் இறங்கி, பின்பக்கம் வரிசைக் கால்களோடு ஒரு சர்க்யூட் சிப்பின் அச்சு விழுந்துவிட்டது. மச்சினன் பெண்டாட்டி பந்தியிலேயே கேட்டாள்: "இன்னாண்ணா, பூரான் போட்ட வேட்டி கட்டினு வந்துக்கிற?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கருகிய பேஸ்ட் வாசனைதான் வந்தது. நீ பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சூடான காற்றடித்துச் சிப்பு கழற்றும் மெஷின் நமக்கு எட்டாத காலம். சால்ட்ரிங் அயர்னை வைத்தால், ஒரு கால் உருகுவதற்குள் மறுகால் ஆறிவிடும். நீதான் இஸ்திரிப்பெட்டியைக் கவிழ்த்து, இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தி, தோசைக்கல் ஆக்கினாய். நான் இடுக்கியோடு பாய்வேன். "இழுக்காதடா பரதேசி. ஈயம் பளபளன்னு வரட்டும், அதுவா எழுந்துக்கும்" என்பாய். ஆனாலும் செத்த போர்டைத் தவிர வேறெதையும் அதில் வைக்க உனக்கே தைரியம் இல்லை.

அப்போதுதான் தொண்டூர் பாக்கியக்கா, பம்ப்செட் மோட்டார் ஸ்டார்ட்டரின் தீப்பெட்டி அளவு சர்க்யூட் கார்டோடு வந்தாள். அமாவாசை. பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டன. விழுப்புரம் போய்ப் புதுக் கார்டு வாங்க வழியில்லை.

"மல்லாட்ட பூ எடுத்து நிக்குது தம்பி. இன்னிக்கி தண்ணி காட்டலன்னா செடிதான் மிஞ்சும்."

சிப்பு போய்விட்டது என்று தீர்ப்பு சொன்னாய். பெட்டியைப் பார்த்ததும் அக்காவுக்குச் சந்தேகம்: "இன்னாப்பா, சட்ட தேய்க்கப் போறானா?"

"இல்லக்கா, உன் கார்டுல தோச ஊத்தப் போறான்" என்றேன். நீ சிரிக்கவில்லை. உன் நெற்றி வியர்த்திருந்தது. கார்டு கருகினால் அவள் வேர்க்கடலை வெள்ளாமையும் கருகும். காத்திருந்தாய். ஈயம் பளபளத்தது, சிப்பு எழுந்தது. பழைய போர்டில் எடுத்த இன்னொன்றை வைத்தாய்.

நிலத்துக்குப் போய் மாட்டினோம். மோட்டார் ஓடவில்லை. முகம் செத்துப்போய் டெஸ்டர் எடுக்க வண்டிக்குப் போனாய். நீ பாதி வழி போவதற்குள் குழாய் தண்ணீரைக் கக்கியது. ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினாய்: "சிப்புதான்டா! நான் சொல்லல?"

அன்றோடு உன் பயம் போனது. எத்தனை ஊர் கார்டுகள் உன் கையில் பிழைத்தன! இன்று அந்தப் பெட்டிக்கு முன்னால் நான் உட்காருகிறேன். இடுக்கியோடு பாய்ந்த நானா என்று நீயே கேட்பாய். இழுப்பதில்லை; பளபளக்கும்வரை காத்திருக்கிறேன். காலையில்கூட ஒரு கார்டு பிழைத்தது. நாளைக்கு இன்னும் இரண்டு வருகின்றன.

ஒன்றை மட்டும் நீ இருந்தவரை உன்னிடம் சொல்லவில்லை. நீ வண்டிக்குப் போன நேரத்தில், ஸ்டார்ட்டர் கான்டாக்டில் கரண்டைச் சேரவிடாமல் கருகிக் கிடந்த நாலு கட்டெறும்பை நகத்தால் சுரண்டிவிட்டேன். போய்விட்டது என்று நீ கழற்றிய சிப்பு இன்றும் வேறொருவர் கார்டில் ஒழுங்காக ஓடுகிறது.