பள்ளத்தில் வந்த வார்த்தை

நகோயா,
16.11.2007

அன்புள்ள அப்பாவுக்கு, பரணி வணக்கத்துடன் எழுதுவது. முட்டி வலி எப்படி இருக்கிறது? சுகர் மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா? நான் சௌக்கியம்.

போன ஞாயிறு, கூட வேலை செய்யும் தனகா ஒரு மலைக்கோட்டையைக் காட்டக் கூட்டிப்போனார். செஞ்சிக்கோட்டை மாதிரி நினைக்காதீர்கள். சுவர் எதுவும் மிச்சமில்லை, வெறும் மண்தான். ஏறிவரும் எதிரி விழட்டும் என்று மலைமுகட்டைக் குறுக்கே வெட்டி ஆழமாகப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். நானூறு வருஷமாகக் காத்திருந்த பள்ளத்தில் முடிச்சூர்க்காரன் போய் விழுந்தேன். லேசான சுளுக்குதான், சரியாகிவிட்டது.

விழும்போது "அம்மா!" என்று கத்தியிருக்கிறேன். கைகொடுத்துத் தூக்கிய தனகா, "அம்மான்னா உங்க பாஷையில காப்பாத்துங்கன்னு அர்த்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அம்மா போய் எட்டு மாதமாகிறது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

நேற்று ஜெயப்ரியா அக்கா போனில் அழுதாள். "பள்ளிக்கரணைலேர்ந்து ரெண்டு பஸ் மாறிப் போறேன்டா. எவ்ளோ பெல் அடிச்சாலும் அப்பா திறக்க மாட்டேங்கிறார். கேட்டுக்கு ரெண்டு பூட்டு, உள்ள தாழ்ப்பாள் வேற" என்றாள்.

பூட்டு இருக்கட்டும் அப்பா, இரண்டுக்கும் மாற்றுச் சாவியை அக்காவிடம் கொடுங்கள். உள்தாழ்ப்பாள் மட்டும் வேண்டாம்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. பாத்ரூமில் வழுக்கினால் நீங்களும் அம்மாவைத்தான் கூப்பிடுவீர்கள். ஓடி வர அக்காதான் இருக்கிறாள்.

பரணி