செவலை உழுத ஊர்

இன்று காலை உன் மனைவி வந்திருந்தாள். உன் வண்டி மாடு செவலையின் கழுத்தில் நீ கட்டியிருந்த சலங்கை வாரைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். ஒரு மாட்டுப் பொங்கலுக்கு தோல் பதனிடும் எங்கள் டேனரியில் கழித்துப் போட்ட தோலில் நான் வெட்டிக் கொடுத்த வார் அது. காய்ந்து விறைத்துவிட்டது. முகர்ந்தால் இன்னும் ஆவாரம் பட்டை வாசனை வருகிறது. வாரை வைத்துவிட்டு அவள் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. நேரில் கேட்க வழியில்லாததால் எழுதுகிறேன்.

நம் சிநேகம் சண்டையில் ஆரம்பித்தது. ஆலங்காயம் மலையடியிலிருந்து ஆம்பூருக்கு நீ தோல் பதனிட ஆவாரம் பட்டை ஏற்றி வருவாய். வந்த சரக்கைப் பார்த்து இறக்குவதும் தோலைத் தரம் பிரிப்பதும் என் வேலை. ஒருநாள் செவலையின் பின்தொடையில் புதிதாகச் சூடு போட்டிருந்தது. கால் வீக்கத்துக்காக மாட்டு வைத்தியன் சூலம் போட்டானாம். மாடு திமிறியதில் சூலத்தின் ஒரு முனை மட்டும் கோணிக்கொண்டு இடுப்புவரை ஏறியிருந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அடப்பாவி, ஒண்ணாம் நம்பர் தோலுய்யா. சூடு போட்டு மூணாம் நம்பர் ஆக்கிட்டியே" என்றேன்.

நீ சாட்டையை ஓங்கிவிட்டாய்.

"தா பாரு மேஸ்திரி, உனுக்குத்தான் அது தோலு. எனுக்கு மாடு."

அன்று இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அதற்கப்புறம் நீ வரும் நாளில் உனக்கும் சேர்த்து என் வீட்டிலிருந்து கூழ் வரும்.

பிறகு அந்த விசித்திரமான பஞ்சம் வந்தது. மழை பெய்தது, நெல் விளைந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. லண்டன் ஏலத்தில் தோலைக் கேட்பார் இல்லை, சரக்கு அனுப்ப வேண்டாம் என்று மெட்ராஸ் தரகரிடமிருந்து தந்தி வந்தது. ரயிலடிக்குப் போன கட்டுகள் திரும்பி வந்து வாசல்வரை அடுக்கிக் கிடந்தன. முதலாளி சாயபு என்னைக் கூப்பிட்டார்.

"ரொம்ப பேஜாரா கீதுப்பா. மூடிட்டா இத்தினி பேரும் எங்க போவாங்க? எங்க கொறைக்கலாம், நீயே சொல்லு" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளி என்னைக் கேட்கிறாரே! இரண்டு நாள் யோசித்துச் சொன்னேன். சீமைக்குப் போகாத தோலை, கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற விவசாயிகளுக்குத் தண்ணீர்ச் சால் தைக்க விற்கலாம். திருப்பத்தூர், விரிஞ்சிபுரம் என்று சந்தை சந்தையாகக் கொண்டு போகலாம். தோல் ஊறப்போடும் குழிகளில் பாதியை மூடிவிடலாம். ஆவாரத்துக்குப் பதில், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிற வாட்டில் மரப்பட்டையை மெட்ராஸிலிருந்து ரயிலிலேயே வரவழைக்கலாம். ஆவாரத்தில் பாதி அளவு போதும், தோலும் சீக்கிரம் பதமாகும். "அப்ப பட்டை வண்டியே வாணாம்ன்றே" என்றார் முதலாளி. "வாணாங்க" என்றேன். என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்று வீடுவரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். கப்பலை யோசித்த புத்தியில் உன் வண்டி வரவே இல்லை. இது சத்தியம்.

அடுத்த வாரம் வண்டி நிறையப் பட்டையோடு நீ டேனரி கேட்டில் வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இனிமேல் வண்டிப் பட்டை எடுப்பதில்லை என்று சொன்னேன்.

"பட்டைய வாணா இங்கியே கொட்டிட்டுப் போறேன். மாட்ட எங்க கொட்றது?" என்றாய். பிறகு, "யாரு குடுத்த யோசன இது?" என்று கேட்டாய்.

"முதலாளிதான்" என்றேன்.

அந்தக் கோடை முழுக்க ஜோடியைக் காப்பாற்ற நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். விறகு, செங்கல், ஆற்று மணல் என்று கிடைத்ததையெல்லாம் ஏற்றினாய். பட்டை வண்டிக்காரர்கள் எல்லோரும் அதே விறகுக்குத்தான் அலைந்தார்கள். கடைசியில் திருப்பத்தூர் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனாய். செவலையின் ஜோடி மாடு மயிலையைத் தெரிந்தவர் வாங்கினார். செவலையை யாரோ ஒரு வெளியூர்க்காரன். "உழவுக்குன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் கவுத்த வாங்கினான்" என்று என்னிடம் மூன்று தடவை சொன்னாய். பிறகு நான் சொல்லிவிட்டதில், பதனிடாத பச்சைத்தோல் விற்கிற வியாபாரி ஒருவரின் வண்டியை ஓட்டப் போனாய்.

அந்த வருஷம் பச்சைத்தோல் மலிந்து வந்தது. நம் யோசனை பலித்துவிட்டது, டேனரி பிழைத்துக்கொண்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். ஏன் மலிந்தது என்று யோசிக்கவில்லை. எங்கள் கேட்டில் நிறுத்திய வண்டிகளின் மாடுகள்தான் அறுபட்டு, உப்புத்தோலாக அதே கேட்டுக்குள் வந்துகொண்டிருந்தன.

ஒருநாள் நீ கொண்டுவந்த லோடை நான் பிரித்துக்கொண்டிருந்தேன். பார்த்ததும் நம்பர் சொல்லிக் கை வீசிவிடும், பழக்கம் அப்படி. "மூணு" என்று கத்தி வீசிவிட்டேன். வீசிய பிறகுதான் கண் பார்த்தது. சிவந்த ரோமம். பின்தொடையில் சூலம். ஒரு முனை கோணிக்கொண்டு மேலே ஏறியிருந்தது.

நீ வண்டிக்கு முன்னால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாய். இரண்டு தோலை இழுத்து அதன்மேல் போட்டு மூடினேன்.

"இன்னா மேஸ்திரி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய்.

"உப்பு நெடி" என்றேன்.

அடுத்த வாரம் நானாகவே உன்னிடம் சொன்னேன், விரிஞ்சிபுரம் பக்கம் ஆற்றங்கரைக் கழனியில் செவலை ஏர் உழுவதைப் பார்த்தேன் என்று. "நல்லா கீறானா?" என்றாய். "கொழுத்துட்டான்யா" என்றேன். அதிலிருந்து ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் நீ கேட்பாய், நான் சொல்வேன். கொம்புக்கு நீல வர்ணம் அடித்திருக்கிறார்கள் என்பேன். பிள்ளைகள் முதுகில் ஏறுகிறார்கள் என்பேன். நீ சிரிப்பாய். ஒரு நல்ல பொய்யால் உன் மனசைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

இன்று காலை உன் மனைவி சொன்னாள்:

"இத உங்ககிட்ட குடுக்கச் சொல்லிட்டுத்தான் போனாருண்ணா. அன்னிக்கு லோடு ஏத்தசொல்லவே செவலையோட தோல பாத்துட்டாரு. அவரு கையாலயேதான் மடிச்சி வண்டில போட்டாரு. வூட்டுக்கு வந்து ரெண்டு நாளு சோறு துன்னல."

தெரிந்தே எதற்கு வருஷா வருஷம் என்னிடம் கேட்டான் என்றேன்.

"நானும் கேட்டேண்ணா. 'மேஸ்திரி சொல்லசொல்ல கொஞ்ச நேரம் செவல உழுதுனுதான் கீது. நீ அதக் கெடுக்காத'ன்னுட்டாரு."

அட பாவி மனுஷா! என்னை ஏமாளி ஆக்கினாயா, இல்லை நீயும் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாயா?

அவளிடம் இன்னொன்றும் கேட்டேன். "பட்டை வண்டிய நிறுத்தினது யாருன்னு எப்பவாச்சும் சொன்னானாம்மா?"

"முதலாளிதானேண்ணா? நீங்க மட்டும் இல்லன்னா எங்களுக்கு அந்தத் தோல் வண்டி வேலகூட கெடச்சிருக்காதுன்னு சொல்வாரு."

ஆக, செவலை உழுத பொய் உனக்குத் தெரியும். அதை நீ பொறுத்துக்கொண்டாய். அதற்கு முன்னால் கேட்டில் நின்று நான் சொன்ன பொய் உனக்குத் தெரியவே தெரியாது. தெரியாமலே என்னைக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

இப்போது சொல்கிறேன். வண்டிப் பட்டை வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். செவலையை மூணாம் நம்பர் என்று வீசியவனும் நான்தான்.

வார் என் மடியில் கிடக்கிறது. கை அசைந்தால் ஒரு சலங்கை மட்டும் ஒலிக்கிறது. நாளைக் காலையில் இதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போகிறேன். உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்வேன். கேட்ட பிறகும் இது என்னிடம் இருக்கலாம் என்று அவள் சொன்னால் வைத்துக்கொள்கிறேன்.