முன்கூட்டியே சொன்ன சாட்சி

என்னங்க,

இன்று சபையில் எழுந்து நின்று, நீங்கள் குணமாகிவிட்டீர்கள் என்று சாட்சி சொன்னேன். "நடக்கறதுக்கு முன்னாலயே சாட்சி சொல்றதுதான் விசுவாசம், சிஸ்டர்" என்று சொல்லி, பாஸ்டர்தான் மைக்கைக் கையில் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பியாட்ரிஸ் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

நேராக உங்கள் வார்டுக்கு ஓடி வந்தேன். கூலாய் ரோட்டில் மோட்டார் சைக்கிளோடு விழுந்த நாளிலிருந்து எப்படிக் கிடக்கிறீர்களோ, அப்படியேதான் கிடந்தீர்கள். மெஷின்தான் மூச்சு விட்டது.

அதை எடுத்துவிடலாமா, நாளைக்குள் சொல்லுங்கள் என்கிறார் டாக்டர். சரி என்றால் என் சாட்சி பொய். வேண்டாம் என்றால், ஆண்டவர் பேரைச் சொல்லி உங்களை வதைக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. மண்டியிட்டுப் பார்த்தேன். வாயில் ஜெபமே வரவில்லை.

எதையும் நம்பாதவர் நீங்கள். ஞாயிறுதோறும் என்னைச் சபை வாசலில் இறக்கிவிட்டு, "உன் ஆளு உள்ள இருந்தா நான் கேட்டேன்னு சொல்லு லா" என்று சிரிப்பீர்களே. இன்று சொன்னேங்க. பதில் வரவில்லை.

உங்களைக் கும்பிடுகிறேன். எழுந்து உட்கார்ந்து, கடவுளே இல்லை என்று என்னோடு ஒரே ஒருமுறை சண்டை போடுங்கள். அந்த நொடியே அவரை நம்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
வாசலில் நீங்கள் இறக்கிவிட்டவள்